கல் சுவரில் இயற்பியல், ஓட்டில் கணக்கு: ஐரோப்பிய ஆசிரியர்கள் பாரம்பரியம் படிக்க ஏன் வெளிநாடு போகிறார்கள்?

பள்ளி ஆசிரியை ஒருவர் ஒரு வாரப் பயிற்சிக்காக ஸ்பெயின் போய்வருகிறார். செலவு ஐரோப்பிய ஒன்றியத்தின் கணக்கில். பயிற்சியின் தலைப்பு, பண்பாட்டுப் பாரம்பரியத்தை வகுப்பறைக்குள் கொண்டுவருவது. இதைக் கேட்டதும் பாதிப் பேர் "அரசாங்கச் செலவில் சுற்றுலாவா?" என்பார்கள். மீதிப் பேர் "சரித்திர டீச்சராக இருப்பார்" என்பார்கள். அந்த ஆசிரியை கணக்கு டீச்சராக இருக்கலாம், இயற்பியல் டீச்சராகவும் இருக்கலாம். சுற்றுலா என்ற சந்தேகத்தில் மட்டும் கொஞ்சம் நியாயம் இருக்கிறது, அதைப் பற்றிப் பிறகு சொல்கிறேன்.

இந்தப் பேச்சில் பாரம்பரியம், பயிற்சி, எராஸ்மஸ் (இந்தச் செலவை ஏற்கும் ஐரோப்பிய ஒன்றியத் திட்டம்) என்று மூன்று சொற்கள் அடிபடும். மூன்றையும் ஆளாளுக்கு ஒவ்வொரு பொருளில் சொல்வதால்தான் குழப்பம்.

முதலில், பாரம்பரியம் என்றால் எது?

ஒரு தாத்தாவின் பழைய கைக்கடிகாரத்தை எடுத்துக்கொள்வோம். சாவி கொடுத்து ஓடுவது. அது ஒரு பொருள், கையில் எடுத்துப் பார்க்கலாம். அதைப் பிரித்துத் துடைத்து மறுபடி ஓடவைக்கும் வித்தை இன்னொன்று. அந்த வித்தையைக் கையில் எடுத்துக் காட்ட முடியாது, தெரிந்தவர் செய்யும்போது பார்க்கத்தான் முடியும். மூன்றாவதாக, "இதை விற்கக் கூடாது, பேரனுக்குப் போகட்டும்" என்று நினைக்கிற குடும்பம். அப்படி நினைக்க ஆள் இல்லாவிட்டால் அது வெறும் பழைய இரும்பு.

பொருள், வித்தை, அதைக் கைமாற்றிக் கொடுக்க விரும்பும் மனிதர்கள். இம்மூன்றும் சேர்ந்ததுதான் பண்பாட்டுப் பாரம்பரியம். உலகம் இதை ஒரே நாளில் புரிந்துகொள்ளவில்லை. 1972இல் யுனெஸ்கோ உலகப் பாரம்பரிய உடன்படிக்கையைக் கொண்டுவந்தபோது, பண்பாடு என்ற வகையில் கண்ணுக்குத் தெரிந்தவை நினைவுச்சின்னங்களும் கட்டடங்களும் தொல்லிடங்களும்தான், அதாவது பொருள். 2003இல் இன்னொரு உடன்படிக்கை வந்தது. கைவினை, பாட்டு, சடங்கு, இயற்கையைப் பற்றிய அறிவு எல்லாம் அதில் இடம்பெற்றன. இவற்றுக்கு அருவப் பாரம்பரியம் என்று பெயர். ஆட்கள் செய்துகொண்டிருக்கும்வரை மட்டுமே உயிரோடு இருக்கும் என்பதால் வாழும் பாரம்பரியம் என்றும் சொல்வார்கள். அப்புறம் 2005இல் ஐரோப்பிய கவுன்சில் (ஐரோப்பிய ஒன்றியம் அல்ல, வேறு அமைப்பு) போர்ச்சுகலின் ஃபாரோ நகரில் ஓர் உடன்படிக்கையை முன்வைத்தது. ஒரு பாரம்பரியத்தை மதித்து அடுத்த தலைமுறைக்குக் கொடுக்க விரும்புகிற மனிதர்களையே அது மையத்தில் வைத்தது. கடிகாரம், வித்தை, குடும்பம் என்ற அதே வரிசைதான். முழுதாகப் புரிய 33 வருடம் ஆகியிருக்கிறது.

இதுவரை சொன்னது: பழைய கட்டடம் பாரம்பரியத்தின் ஒரு பங்குதான். மற்ற இரண்டு பங்கும் மனிதர்களிடம் இருக்கின்றன. வகுப்பறைக்குக் கோட்டையைத் தூக்கிக்கொண்டு வர முடியாது, ஆனால் அந்த இரண்டு பங்கையும் கொண்டுவர முடியும்.

பாரம்பரியத்தைப் பற்றியா, பாரம்பரியத்தின் வழியாகவா?

கிரிக்கெட் எங்கே தொடங்கியது, யார் எத்தனை ரன் எடுத்தார்கள் என்று பாடம் எடுக்கலாம். அது கிரிக்கெட்டைப் பற்றிய பாடம். பந்து தரையில் பட்டதும் ஏன் எகிறுகிறது, பழைய பந்து ஏன் அவ்வளவாக எகிறுவதில்லை என்று கேட்டு இயற்பியல் நடத்தலாம். அது கிரிக்கெட்டின் வழியாக இன்னொரு பாடம். இப்பயிற்சிகள் பெரும்பாலும் இரண்டாவது வகைக்காகத்தான். பாடத்திட்டத்தில் புதிதாக ஒரு பாடம் சேர்வதில்லை. ஏற்கெனவே நடத்த வேண்டிய பாடத்துக்குப் பாரம்பரியம் வாகனமாகிறது. இதற்குப் பாரம்பரியவழிக் கற்பித்தல் என்று பெயர்.

ஓர் எடுத்துக்காட்டைக் கிட்டத்தில் பார்க்கலாம். ஸ்பெயினின் கிரனாடா நகரில் அல்ஹம்ப்ரா அரண்மனை இருக்கிறது. நஸ்ரித் வம்சத்து அரசர்கள் கட்டியது. சுவர்களின் கீழ்ப்பகுதி முழுக்க வண்ண ஓடுகள். அவற்றில் ஓர் ஓட்டின் வடிவம் எலும்புத் துண்டு போல இருக்கும், ஸ்பானியர்களே அதை 'நஸ்ரித் எலும்பு' என்றுதான் சொல்கிறார்கள். அதே ஓடு நூற்றுக்கணக்கில் பக்கத்தில் பக்கத்தில் பதிந்திருந்தாலும், இரண்டு ஓட்டுக்கு நடுவே வீணாகும் இடம் ஒரு சொட்டுக்கூட இல்லை.

அதை எப்படி வரைந்திருப்பார்கள்? ஒரு சதுரக் காகிதத்தை எடுத்துக்கொள்ளுங்கள். இடது ஓரத்திலிருந்து உட்பக்கமாக ஒரு சரிவகத்தை வெட்டி எடுங்கள். வலது ஓரத்திலும் அதே அளவில் ஒன்று. வெட்டிய இரண்டு துண்டுகளையும் தூக்கி எறியாமல், ஒன்றை மேல் ஓரத்திலும் மற்றதைக் கீழ் ஓரத்திலும் வெளியே நீட்டியபடி ஒட்டுங்கள். எலும்பு வந்துவிட்டது.

இப்போது மாணவர்களிடம் கேட்க வேண்டியது ஒரே கேள்வி: இதன் பரப்பளவு என்ன? சூத்திரத்தைத் தேடிப் பத்து நிமிடம் திணறுவார்கள். பிறகு யாராவது ஒருவர் "எதையும் எறியலையே, சதுரத்தோட பரப்பளவேதான்" என்பார். வெட்டி ஒட்டினால் வடிவம் மாறும், பரப்பளவு மாறாது. வடிவியலின் அடிப்படைக் கருத்துகளில் ஒன்று, கத்தரிக்கோலும் பசையும் வைத்துப் புரிந்துவிடுகிறது. இதே போல நான்கைந்து செய்து மேசையில் அடுக்கச் சொன்னால் அடுத்த சிக்கல் வரும். ஒன்றின் புடைப்பு இன்னொன்றின் பள்ளத்தில் உட்கார வேண்டுமென்றால், அடுத்த ஓட்டை 90 பாகை திருப்பி வைக்க வேண்டும். அங்கே சுழற்சி என்ற அடுத்த பாடம் தானாக வந்து நிற்கிறது.

அரசர்களின் பெயர், கட்டிய ஆண்டு எதுவும் இந்தப் பாடத்தில் இன்னும் வரவில்லை, கவனித்தீர்களா? மாணவர்களே கேட்பார்கள், அப்போது சொன்னால் போதும்.

பயிற்சி எப்படி நடக்கிறது?

இந்த எலும்புக் கணக்கை இணையத்தில் படித்தே தெரிந்துகொள்ளலாமே, இதற்கு ஒரு வாரப் பயிற்சி எதற்கு? நல்ல கேள்வி. எடுத்துக்காட்டைத் தெரிந்துகொள்ளத்தான் பயிற்சி என்றால் தேவையே இல்லை. தன் ஊரில் இருக்கிற ஒன்றைப் பார்த்து, அதற்குள் எந்தப் பாடம் ஒளிந்திருக்கிறது என்று கண்டுபிடிக்கும் பழக்கம்தான் வேண்டும். அது நீச்சல் மாதிரி, புத்தகத்தில் வராது. தண்ணீரில் இறங்க வேண்டும்.

ஸ்பெயினின் மயோர்க்கா தீவில், செர்ரா டி ட்ராமுண்டானா என்ற மலைத்தொடரில் அப்படி ஒரு பயிற்சி நடப்பதாகக் கற்பனை செய்துகொள்ளலாம். மலைச்சரிவைப் படிப்படியாக வெட்டி, ஒவ்வொரு படிக்கும் கல் சுவர் எழுப்பி விவசாயம் செய்த இடம். சுவர்களில் சுண்ணாம்பும் இல்லை, சிமென்டும் இல்லை. வெறும் கல். அந்த நிலப்பரப்பு 2011இல் உலகப் பாரம்பரியப் பட்டியலில் சேர்ந்தது. இத்தகைய சுவர் கட்டும் கலையை 2018இல் யுனெஸ்கோ தன் அருவப் பாரம்பரியப் பட்டியலில் சேர்த்தது. குரோவேஷியா, சைப்ரஸ், பிரான்ஸ், கிரீஸ், இத்தாலி, ஸ்லோவேனியா, ஸ்பெயின், சுவிட்சர்லாந்து என எட்டு நாடுகள் சேர்ந்து விண்ணப்பித்திருந்தன. மயோர்க்காவில் இச்சுவர் கட்டும் கொத்தனாருக்கு 'மார்ஜே' என்று தனிப்பெயரே உண்டு.

முதல் நாள் விளக்கம் எதுவும் கிடையாது. ஆசிரியர்களைச் சுவர் முன்னால் நிறுத்தி ஒரு தாளைக் கொடுப்பார்கள். அதில் மூன்று கட்டங்கள்: என்ன தெரிகிறது, அதிலிருந்து என்ன ஊகிக்கிறீர்கள், என்ன கேட்கத் தோன்றுகிறது. இங்கேதான் பல ஆசிரியர்கள் தடுக்கி விழுவார்கள். "சுவர் உறுதியாக இருக்கிறது" என்று முதல் கட்டத்தில் எழுதுவார்கள். உறுதி கண்ணுக்குத் தெரியாது, அது ஊகம். தெரிவது என்னவென்றால், பெரிய கற்கள் அடியில் இருக்கின்றன, கீழ்வரிசையின் இணைப்புக்கு நேர் மேலே ஒரு கல்லின் நடுப்பகுதி உட்கார்ந்திருக்கிறது, சுவர் மேலே போகப்போக மலைப்பக்கம் சாய்கிறது. பார்ப்பதையும் ஊகிப்பதையும் பிரிப்பது அறிவியல் பாடத்தின் பாதி. அதை மாணவனுக்குச் சொல்லிக்கொடுக்கும் முன் ஆசிரியரே ஒருமுறை தப்பாகச் செய்துபார்க்க வேண்டியிருக்கிறது.

அடுத்த நாள் கை வேலை. ஒரு கல்லை எடுத்து வைக்கிறார்கள். மார்ஜே வந்து உள்ளங்கையால் ஒரு அழுத்து அழுத்துகிறார். ஆடுகிறது. எடுத்துவிடுகிறார். வேறு பக்கமாகத் திருப்பி, கல்லின் நீளப் பக்கம் சுவருக்குள் போகிற மாதிரி வைத்தால் நிற்கிறது. இன்னும் லேசாக ஆடினால் அடியில் ஒரு சில்லுக் கல்லைச் செருகுகிறார். அரை நாள் வேலையில் முழங்கால் உயரச் சுவர் எழும்பினாலே பெரிய விஷயம்.

மூன்றாம் நாள், "உங்கள் பாடத்தில் இது எங்கே?" என்று கேட்கிறார்கள். இயற்பியல் ஆசிரியருக்கு உராய்வும் புவியீர்ப்பும் கிடைக்கின்றன, ஒட்டுவதற்கு எதுவுமில்லாமல் சுவர் நிற்பது அவற்றால்தான். புவியியல் ஆசிரியருக்குத் தண்ணீர். மழை பெய்தால் கல் இடுக்குகள் வழியே நீர் கசிந்து வெளியேறிவிடும், சுவருக்குப் பின்னால் தேங்கி அழுத்தாது. இடுக்கே விடாமல் சாந்து பூசிய சுவரென்றால் நீர் போகத் தனியாக ஓட்டை வைக்க வேண்டும், இல்லாவிட்டால் வயிறு தள்ளிவிடும். உயிரியல் ஆசிரியருக்கு அதே இடுக்குகளில் வாழும் பல்லிகளும் பூச்சிகளும். மொழி ஆசிரியருக்கு, கல்லின் ஒவ்வொரு வகைக்கும் இருக்கிற வட்டாரச் சொற்கள். குடிமையியல் ஆசிரியருக்குக் கிடைப்பதுதான் எனக்கு மிகவும் பிடித்தது: பராமரிக்க ஆள் இல்லாமல் போனால் என்ன ஆகும்? இத்தாலியின் சின்க்வே தெர்ரேயில் இதே மாதிரி படிநிலங்கள் உண்டு. இளைஞர்கள் திராட்சைத் தோட்டங்களை விட்டுப் போகப்போக, கைவிடப்பட்ட சுவர்கள் சரிகின்றன, மண்ணும் கூடவே சரிகிறது. 2011 அக்டோபர் 25 அன்று கொட்டிய பெருமழையில் அங்கே மலைச்சரிவுகள் இடிந்து வெர்னாட்ஸா, மொன்டெரோஸ்ஸோ ஊர்களை மண் மூடியது. மழைதான் முதல் காரணம், ஆனால் சுவரைக் கட்டத் தெரிந்தவர்கள் குறைந்துபோவது என்பது வெறும் கலை அழிகிற கவலை இல்லை என்று அங்கே எல்லோருக்கும் தெரியும்.

மீதி நாட்களில் ஒவ்வொருவரும் தன் பள்ளிக்கு ஒரு பாடத்திட்டம் எழுதி, மற்றவர்கள் முன் நடத்திக் காட்டுவார்கள். அது கல் சுவர் பாடமாக இருக்கக் கூடாது என்பது நல்ல பயிற்சியாளர்கள் போடும் நிபந்தனை.

சுருக்கமாக: முதலில் பார்ப்பது, பிறகு கையால் செய்வது, பிறகு பாடத்தோடு முடிச்சுப் போடுவது, கடைசியில் தன் ஊருக்குப் பொருத்துவது.

அதற்கு ஏன் வெளிநாடு?

தினமும் கடந்துபோகும் தெருவில் எத்தனை மரம் என்று கேட்டால் நமக்குத் தெரியாது. புது ஊருக்குப் போனால் முதல் நாளே எண்ணிவிடுவோம். பழகிய இடத்தில் கண் வேலை செய்வதில்லை. மயோர்க்காவில் பிறந்த ஆசிரியருக்கு அந்தச் சுவர் வெறும் சுவர். போலந்திலிருந்து வந்தவர்தான் "இது எப்படி விழாமல் நிற்கிறது?" என்று கேட்பார். அந்தக் கேள்வி உள்ளூர் ஆசிரியரையும் திரும்பிப் பார்க்கவைக்கும். பல நாட்டு ஆசிரியர்கள் ஒரே அறையில் உட்காருவதன் பலன் இதுதான். இன்னொரு நாட்டின் பாரம்பரியத்தை மூட்டை கட்டிக்கொண்டு வருவதற்காக யாரும் போவதில்லை, போனால் அது வீண் செலவு.

இன்னொன்றும் நடக்கிறது. மொழி தெரியாத ஊரில், தெரியாத வேலையைச் செய்து, எல்லோர் முன்னாலும் கல் ஆடி, கொத்தனார் எடுத்துப் போடும்போது, ஆசிரியர் மறுபடி மாணவராகிறார். தெரியாமல் விழிப்பது எப்படி இருக்கும் என்பது இருபது வருடம் வகுப்பெடுத்தவருக்கு மறந்தே போயிருக்கும்.

யாருடைய பாரம்பரியம்?

இது கொஞ்சம் தொட்டால் சுடுகிற இடம். ஐரோப்பிய நகரத்து வகுப்பறை ஒன்றில் பல நாட்டுக் குடும்பங்களின் பிள்ளைகள் உட்கார்ந்திருக்கிறார்கள். பாரிஸிலும் ஒஸ்லோவிலும் தமிழ்ப் பிள்ளைகளும் அதில் உண்டு. "நம் பாரம்பரியம்" என்று ஆசிரியர் சொல்லும்போது அந்த 'நம்'முக்குள் யார் யார்?

பல பள்ளிகள் இதற்குக் கண்டுபிடித்த வழி, வருடத்தில் ஒரு நாள் பண்பாட்டுத் திருவிழா. ஆளுக்கொரு உடை, ஆளுக்கொரு தட்டு. நான் அதற்கு விரோதி இல்லை, சாப்பாடு நன்றாகவே இருக்கும். ஆனால் அன்று அந்தப் பிள்ளை காட்சிப்பொருள் ஆகிவிடுகிறது. மறுநாள் கணக்கு வகுப்பில் அதன் வீட்டில் இருக்கும் எதற்கும் இடமில்லை. அதைவிட, அதே மூன்று கட்டத் தாளைக் கொடுத்து "உங்கள் வீட்டிலிருந்து ஒரு பொருளை எடுத்து வா" என்று எல்லாப் பிள்ளைகளிடமும் சொல்வது மேல். அப்போது எல்லாப் பொருளும் ஒரே கேள்விகளைச் சந்திக்கும். உள்ளூர்ப் பிள்ளையின் பொருளும் அந்நியமாகத் தெரியும், அதுவும் நல்லதுதான்.

சண்டையும் இழப்பும் கலந்த பாரம்பரியங்களும் உண்டு. போஸ்னியாவின் மோஸ்தர் நகரத்துப் பழைய பாலம் 1993 நவம்பர் 9 அன்று போரில் குண்டு வீசி இடிக்கப்பட்டது. 2004இல் மறுபடி கட்டித் திறந்தார்கள். ஒரே பாலத்தைப் பற்றி ஆற்றின் இரண்டு கரைகளிலும் கேட்டால் இரண்டு கதைகள் கிடைக்கும். ஒரே நிகழ்வைப் பல தரப்புப் பார்வையில் வைத்து விவாதிக்கவைப்பதைப் பன்முகப் பார்வை என்கிறார்கள். இதற்கெல்லாம் ஒரு வாரப் பயிற்சி போதவே போதாது. பயிற்சி எடுத்துவிட்டேன் என்ற தைரியத்தில் மட்டும் இதற்குள் இறங்குவது ஆபத்து என்பது என் எண்ணம்.

பணம் எங்கிருந்து வருகிறது?

எராஸ்மஸ் என்றால் கல்லூரி மாணவர்கள் வெளிநாட்டில் ஒரு பருவம் படிக்கிற திட்டம் என்றுதான் பலர் நினைக்கிறார்கள். 1987இல் அப்படித்தான் தொடங்கியது. 2014இல் பல திட்டங்களை ஒன்றாக்கி எராஸ்மஸ் பிளஸ் ஆக்கியபோது பள்ளி ஆசிரியர்களுக்கான திட்டமும் அதே குடைக்குள் வந்தது. இப்போதைய சுற்று 2021 முதல் 2027 வரை. ஒன்றியத்தின் 27 நாடுகளோடு நார்வே, ஐஸ்லாந்து, லீக்டன்ஸ்டைன், துருக்கி, செர்பியா, வடக்கு மாசிடோனியா ஆகியவையும் இந்தச் சுற்றில் முழு உறுப்பினர்கள்.

ஆசிரியர் தனியாக விண்ணப்பிக்க முடியாது. பள்ளிதான் தன் நாட்டின் தேசிய முகமைக்கு விண்ணப்பிக்கும், அதாவது அந்நாட்டில் இத்திட்டத்தை நடத்தும் அலுவலகத்துக்கு. நிதி பள்ளிக்கு வரும், யாரை அனுப்புவது என்று பள்ளி முடிவு செய்யும். பயணம், தங்கும் செலவு தவிர பயிற்சிக் கட்டணத்துக்கு நாளொன்றுக்கு 80 யூரோ, ஒருவருக்கு அதிகபட்சம் 800 யூரோ. பயிற்சி 2 நாள் முதல் 30 நாள் வரை இருக்கலாம். பயிற்சி வேண்டாம், இன்னொரு நாட்டுப் பள்ளியில் போய் உட்கார்ந்து அங்கே எப்படிப் பாடம் நடக்கிறது என்று பார்க்கிறேன் என்றால் அதற்கும் வழி உண்டு, 60 நாள் வரை.

இப்போது அந்தச் சுற்றுலா சந்தேகம். பயிற்சிகளை நடத்துவது தனியார் நிறுவனங்களும் அமைப்புகளும். ஒன்றியத்தின் நிர்வாக அமைப்பான ஐரோப்பிய ஆணையம் எந்தப் பயிற்சி நிறுவனத்துக்கும் அங்கீகாரம் கொடுப்பதில்லை, தரம் எப்படி இருக்க வேண்டும் என்று வரையறை மட்டும் வெளியிட்டிருக்கிறது. அதனால் "ஒன்றியம் அங்கீகரித்த பயிற்சி" என்று விளம்பரம் கண்டால் கொஞ்சம் தள்ளி நிற்பது நல்லது. உட்கார்ந்து சொற்பொழிவு கேட்பது மட்டுமே என்றால் அதற்கு நிதி கிடையாது, ஒரே நாட்டுக்காரர்கள் மட்டும் கூடுகிற பயிற்சிக்கும் கிடையாது. இவ்வளவு இருந்தும் சுற்றுலா மாதிரியே முடிகிற பயிற்சிகள் இருக்கத்தான் செய்கின்றன. கால அட்டவணையைப் பார்த்தாலே தெரிந்துவிடும். "வழிகாட்டியுடன் நகர் உலா" மூன்று மதியத்தைத் தின்று, பாடத்திட்டம் எழுதக் கடைசி நாளில் ஒரு மணி நேரம் ஒதுக்கியிருந்தால், அது உலாதான்.

ஊர் திரும்பிய பிறகு

நெதர்லாந்திலிருந்து ஓர் ஆசிரியர் மயோர்க்காவுக்குப் போய்வந்தார் என்று வைத்துக்கொள்வோம். அவர் ஊரில் மலையும் இல்லை, கல்லும் இல்லை. ஆனால் காற்றாலை இருக்கிறது. கிண்டர்டைக்கில் மட்டும் 19 பழைய காற்றாலைகள், பள்ளத்து நிலத்தில் சேரும் நீரை இறைப்பதற்காகக் கட்டியவை. 1997 முதல் அது உலகப் பாரம்பரியக் களம். காற்றாலையை இயக்கும் வித்தை 2017இல் அருவப் பாரம்பரியப் பட்டியலுக்கு வந்தது. பள்ளிக்கூடம் போகும் வழியில் அவர் மாணவர்கள் அதைத் தினமும் பார்க்கிறார்கள், அதாவது பார்ப்பதில்லை.

திங்கட்கிழமை அவர் அதே தாளைக் கொடுக்கிறார். என்ன தெரிகிறது? நான்கு இறக்கைகள், நின்றுகொண்டிருக்கின்றன. நேராகவா நிற்கின்றன? ஒரு மாணவி கையைத் தூக்கிக் கோணம் பார்த்துவிட்டு, மேல் இறக்கை உச்சியைத் தாண்டிக் கொஞ்சம் இடப்பக்கம் நிற்கிறது என்கிறாள். நெதர்லாந்துக் காற்றாலைகள் முன்னால் நின்று பார்த்தால் கடிகார முள்ளுக்கு எதிர்த்திசையில் சுற்றும். உச்சியைத் தொடும் முன்பே இறக்கையை நிறுத்தினால் காற்றாலைக்காரர் வீட்டில் மகிழ்ச்சியான செய்தி, தாண்டியபின் நிறுத்தினால் துக்கம். தொலைபேசி இல்லாத காலத்தில் ஊருக்கே சேதி சொன்ன வழி. ஆசிரியர் இதை இன்னும் சொல்லவில்லை. "ஏன் அங்கே நிறுத்தியிருப்பார்கள்?" என்று மூன்றாவது கட்டத்தில் எழுதிவிட்டு, அந்த மாணவி கோணமானியைத் தேடிப் பையைக் குடைந்துகொண்டிருக்கிறாள்.